ஊதிக் கண் திறக்க வைப்பவர்

அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட தாய்க்குப் பிறக்கிற குழந்தை நாற்பது நாளைக்குக் கண்ணைத் திறக்காதாம்.

திங்கட்கிழமை காலை ஸ்டுடியோவின் ஷட்டரைப் பாதி தூக்கியபோதே இந்தச் செய்தி குனிந்து உள்ளே வந்துவிட்டது. கொண்டுவந்தவர், வாசலோரம் மேஜை போட்டு பாஸ்போர்ட் படிவம் நிரப்பித் தருகிற படிவக்காரர். எதைச் சொன்னாலும் "நான் சொல்லலைங்க, சொன்னாங்க" என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"எந்த ஊசி?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரரான ஊதுகுழலார்.

"அதாங்க, குளிர்காலத்துல கைக்குழந்தைங்களுக்கு மூச்சு முட்டிக்கிட்டு வருதே, ஆர்.எஸ்.வி.ன்னு ஏதோ மூணு எழுத்து. அது பிள்ளையைத் தாக்காம இருக்க, வயித்துல இருக்கும்போதே அம்மாவுக்கு ஒண்ணு போடறாங்க இல்ல, அந்த ஊசி."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"லேமினேஷன் அக்கா. அவங்களுக்கு வேற யாரோ. போறவன் வர்றவன் சொன்னா நான் காதுல போட்டுக்குவேனா? குழந்தைங்க விஷயத்துல பழம் தின்னு கொட்டை போட்ட ஆள் ஒருத்தர் சொன்னாராம். ஆயிரக்கணக்கான பச்சைக் குழந்தைங்களைப் பாத்தவராம்."

மற்ற நாளாக இருந்தால் ஊதுகுழலார் சிரித்துவிட்டு டிரைபாடைத் துடைக்கப் போயிருப்பார். அந்தப் பாஸ்போர்ட் அலுவலக வாசலில் நாளுக்கு ஒரு வதந்தி பிறக்கும், சாயங்காலம் ஷட்டர் இறங்குமுன் இறந்தும் போகும். ஆனால் அவருடைய ஒரே மகள், ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில், முப்பத்தைந்து வாரக் கர்ப்பத்தோடு இருந்தாள். புதன்கிழமை பதினோரு மணிக்கு அவளுக்கு அதே ஊசி.

பாஸ்போர்ட் அலுவலகத்தின் பின்வாசல் திறக்கிற சந்தில் அவருக்கு ஒற்றை ஷட்டர் கடை. ஒரு பக்கம் ஜெராக்ஸ், மறுபக்கம் லேமினேஷன். வருகிறவர்களில் பெரும்பாலோர் நாடு விட்டு நாடு பிழைக்க வந்த குடும்பங்கள். இங்கே பிறந்த குழந்தையைச் சொந்த ஊருக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமென்றால், அதற்கு முதலில் ஒரு பாஸ்போர்ட் வேண்டும்; பாஸ்போர்ட்டுக்கு ஒரு படம் வேண்டும். குழந்தைக்கும் பெரியவர்களுக்குள்ள அதே சட்டம்தான். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பின்னால் வெறும் வெள்ளை, வேறு எவர் கையும் தெரியக்கூடாது. பிறந்து பதினைந்து நாளான ஜீவனுக்கு இந்த நான்கில் ஒன்றில்கூட அக்கறை கிடையாது.

மற்ற ஸ்டுடியோக்காரர்கள் கிலுகிலுப்பை ஆட்டிப் பார்ப்பார்கள், சாவிக்கொத்தைக் குலுக்குவார்கள், கடைசியில் "தூங்கி எழுந்ததும் வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இவரிடம் ஒரு கைவேலை இருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜையில் குழந்தையைக் கிடத்தி, ஒரு சாண் தூரம் வரை குனிந்து, உதட்டைக் குவித்துப் புருவ நடுவில் மெல்ல ஒரு ஊது ஊதுவார். குழந்தை ஒரு கணம் மூச்சைப் பிடிக்கும், வாயை மூடும், கண்ணை அகலத் திறக்கும். அந்த ஒன்றரை விநாடிக்குள் அவருடைய கட்டைவிரல் ரிமோட்டை அழுத்தியிருக்கும். அதனால்தான் சந்தில் அவருக்கு அந்தப் பெயர். வங்கியில் கூப்பிட்டால் தவிர, தன் சொந்தப் பெயருக்கு அவர் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

இருட்டறை உதவியாளாக இந்த ஊருக்கு வந்து முப்பத்தோரு வருஷம். முதன்முதலில் ஊதியது சொந்த மகளுக்கு. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன், அவள் பிறந்த பதினெட்டாம் நாள், முதலாளி மூன்று முறை முயன்று கைவிட்ட பிறகு, பொறுமை போய் ஊதிப் பார்த்தார். "யாருய்யா அது?" என்று கேட்கிற மாதிரி ஒரு முகத்தோடு அவள் கண் திறந்தாள். அந்தப் படம் இன்றும் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் காட்டித்தான், பயப்படுகிற தாய்மாரைச் சமாதானப்படுத்துவார்.

இந்த ஊர் மொழியில் அவர் நன்றாகவே பேசுவார், வாடகை ஒப்பந்தத்தைப் பொடி எழுத்து வரை படிப்பார். பயப்படுவதற்கு மட்டும் அவருக்குச் சொந்த மொழி வேண்டும். திங்கட்கிழமை மதியம் மகளுக்குப் போன் போட்டார்.

"புதன்கிழமைதானம்மா ஊசி? ஒரு ரெண்டு வாரம் தள்ளிப் போட முடியாதா?"

"முடியாதுப்பா. முப்பத்தாறு வாரம் முடிஞ்சிட்டா இங்க போட மாட்டாங்க. எனக்கு வெள்ளிக்கிழமையோட முடியுது. அவங்க போடறதே புதன்கிழமை மட்டும்தான், அதுவும் பதினொண்ணரை வரைக்கும். போட்ட பிறகு ரெண்டு வாரமாவது பிள்ளை உள்ள இருந்தாத்தான் அதுக்குப் போய்ச் சேருமாம். எதுக்குக் கேக்கறீங்க?"

சொன்னார். கேட்டதை அப்படியே சொன்னால் எடுபடாதென்று கொஞ்சம் சேர்த்தும் சொன்னார். சந்து முழுக்கத் தெரியும் என்றார், பெரிய ஆள் சொன்னது என்றார்.

"டாக்டர் அப்படி எதுவும் சொல்லலையேப்பா."

"டாக்டருக்கு ஆயிரம் ஜோலி. நான் எத்தனை பிள்ளைங்களைப் பாத்திருப்பேன், சொல்லு."

"நீங்க கண்ணைத்தானே பாப்பீங்க" என்றாள். "சரி, பாக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெட்டும் பலகையில் படங்களைச் சதுரமாக நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே கேட்டாள்: "என்ன சொன்னா?"

"பாக்கிறேன்னு சொன்னா. கேட்டுக்குவா."

"காலேஜ்ல என்ன படிக்கணும்னு நீங்க சொன்னப்பவும் 'பாக்கிறேன்'தான். படிச்சது வேற. வண்டி ஓட்ட வேணாம்னு சொன்னப்பவும் 'பாக்கிறேன்'தான். அன்னைக்கே வண்டியை வித்துட்டா. அவ பாக்கிறது எந்தப் பக்கம்னு அவளுக்குத்தான் தெரியும்." பலகையின் கத்தியை ஒரு முறை இறக்கினாள். "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? டாக்டர் பாத்துக்க மாட்டாங்களா?"

செவ்வாய்க்கிழமை மகளிடமிருந்து போன் வரவில்லை. அவருக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. குளிர்காலத்தில் இது வருவதுதான் என்று கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு, மூன்று வாரக் குழந்தையோடு ஒரு தம்பதி முதல் ஆளாக வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், தன் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் படம் எடுக்க ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் வேலை. முன்பு இரண்டு முறை வந்திருக்கிறார், 'சிஸ்டர்' என்றே பழக்கம்.

குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஊதுகுழலார் மூக்கைத் துடைத்தார், குனிந்தார், உதட்டைக் குவித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றார் சிஸ்டர். "என்ன செய்யப் போறீங்க?"

"கண் திறக்க வைக்கப் போறேன் சிஸ்டர். லேசா ஒரு ஊது, அவ்வளவுதான். வலிக்காது."

"மூக்கு ஒழுகுதே உங்களுக்கு."

"அது ஒண்ணுமில்ல, வெறும் ஜலதோஷம்."

"உங்களுக்கு ஜலதோஷம். அதே கிருமி இதுக்குள்ள போனா மூச்சுத் திணறல்." சிஸ்டர் கவுண்டரில் கிடந்த ஒரு பேனா ரீஃபிலை எடுத்துக் காட்டினார். "உங்க மூச்சுக்குழாய் தோட்டத்துத் தண்ணிப் பைப்புன்னா, இந்தப் பிள்ளையோடது இது. பைப்புல கொஞ்சம் சளி ஒட்டினா ஒரு செருமல் செருமிட்டு வேலையைப் பாப்பீங்க. இதுல ஒட்டினா என்ன ஆகும்? எங்க வார்டுல இன்னைக்குப் பதினாலு தொட்டில். பதினொண்ணு இதே கேஸ். பால் குடிக்க முடியல, விலா உள்ள இழுத்து இழுத்து வாங்குது. அநேகமா எல்லாப் பிள்ளைங்களும் சரியாகி வீட்டுக்குப் போயிடும், நான் பயமுறுத்தலை. ஆனா சரியாகிற வரைக்கும் தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற அம்மாவை ஒரு தடவை பாத்தீங்கன்னா, எந்தப் பிள்ளைப் பக்கத்துலயும் போய் மூச்சு விட மாட்டீங்க."

குழந்தையின் தாய் அதற்குள் அதை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். ஊதுகுழலார் மூன்றடி பின்னால் போய், தாடைக்குக் கீழே தொங்கிய மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றினார். ஊத ஆரம்பித்த இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை குளிர்காலம், எத்தனை ஜலதோஷம் என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. அதை நிறுத்துவதற்காகவே கேட்டார்:

"சிஸ்டர், அந்த நோய்க்குக் கர்ப்பத்துலயே ஒரு ஊசி போடறாங்களே. போட்டா பிள்ளை நாப்பது நாள் கண்ணைத் திறக்காதாமே?"

"எந்தப் புண்ணியவான் சொன்னது?"

"யாரோ பெரிய ஆளாம்."

"அம்மாவுக்குக் கை வலிக்கும், ரெண்டு நாள் அசதியா இருக்கும். அவ்வளவுதான். பிள்ளையோட கண்ணுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? பச்சைக் குழந்தை தூங்கும், அதோட வேலையே அது." சிஸ்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நானும் யோசிச்சேன், இந்த வாரம் எங்க ஆஸ்பத்திரியில நாலு பேர் ஊசி வேணாம்னு திரும்பிப் போனாங்களே, ஏன்னு. இங்கதான் உற்பத்தியா? ஆளைக் கண்டுபிடிங்க. ரெண்டு வார்த்தை கேக்கணும்."

மணி ஒன்பது ஐம்பது. குழந்தையும் படமும் காத்திருக்கட்டும் என்று சைகை காட்டிவிட்டு ஊதுகுழலார் வெளியே இறங்கினார். படிவக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை, நேரே லேமினேஷன் அக்காவிடம் போனார்.

"எனக்கு அலுவலக வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி சொன்னார்" என்றாள் அக்கா, சூடான தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏன், உங்களுக்குமா ஊசி?"

செக்யூரிட்டி வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தார். "ஆமாண்ணே, மூணு வாரம் இருக்கும். பச்சைக் கம்பளியில பிள்ளையைச் சுத்திக்கிட்டு ஒரு அம்மா. படத்துல கண்ணு மூடியிருக்குன்னு உள்ள திருப்பி அனுப்பிட்டாங்க, அழுதுக்கிட்டே வந்தாங்க. ஊசி போட்டதால இப்படி ஆயிடுச்சு, நாப்பது நாள் ஆகும்னு போட்டோக்காரரே சொல்லிட்டாராம்."

"எந்தப் போட்டோக்காரர்?"

"பெரிய ஆள் போலண்ணே. குழந்தைங்களைப் படம் எடுக்கிறதுலயே பேர் வாங்கினவராம்."

பச்சைக் கம்பளி. ஊதுகுழலாருக்கு முதலில் கம்பளிதான் ஞாபகம் வந்தது, பிறகு அதற்குள் இருந்த முகம். அவர் ஊதியும் அசையாத ஒரே குழந்தை. கடையில் கூட்டம். ஊதி ஊதி வாய் வலித்து, தன் தோல்வியை மறைக்க அவர்தான் சொன்னார்: 'ஊசி ஏதாவது போட்டுக்கிட்டீங்களாம்மா? அப்ப சரி. டாக்டர் உள்ளேயே தாலாட்டுப் பாடி அனுப்பிட்டார். ராஜா கண் திறக்க நாப்பது நாள் ஆகும்.' எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தாயும் சிரித்தாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது யோசித்துப் பார்த்தால், அவள் சிரிக்கவில்லை. கண் மூடிய படத்தையே வாங்கி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

"அது நான்தாங்க" என்றார் செக்யூரிட்டியிடம்.

செக்யூரிட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இல்லைண்ணே. அவர் பெரிய ஆள்."

"நான்தான். சும்மா விளையாட்டுக்குச் சொன்னது."

"நீங்க விளையாட்டுக்குச் சொல்லியிருப்பீங்க. அவர் நிஜமாவே சொல்லியிருக்கார்."

வாதாட நேரமில்லை. சந்திலேயே நின்று மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. மருமகனின் போன், வேலை முடிகிற வரை தொழிற்சாலை லாக்கரில் கிடக்கும். தன் குரலைப் பதிந்து அனுப்பினார்: "அம்மா, அந்தப் பெரிய ஆள் நான்தாம்மா. வாய் கொழுப்புல சொன்னது. போய் ஊசியைப் போட்டுக்க." செய்தி போய்ச் சேர்ந்தது. கேட்டதற்கான அடையாளம் வரவில்லை.

கடைக்குள் வந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மனைவியின் கையில் கத்தி பாதியில் நின்றது.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஊதினது போதாதுன்னு, சொந்தப் பேரப்பிள்ளைக்கும் ஊதிட்டீங்க" என்றாள்.

சிஸ்டர் திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தார். சிஸ்டர் கேட்டது வேறு. "மகளுக்கு எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"வீட்டுலேர்ந்து ஆஸ்பத்திரி?"

"பஸ்ல முக்கால் மணி நேரம்."

"இப்ப பத்து இருபது. கிளம்பியிருந்தா பஸ்ல இருப்பா, இல்ல அங்க போய் உக்காந்திருப்பா. ஊசி அறைக்கு வெளியில போனை சைலன்ட்ல போடச் சொல்லுவாங்க, எங்ககிட்டயும் அதே கதைதான். எடுக்கலைன்னா போயிருக்கான்னும் அர்த்தம் இருக்கு."

"வீட்டுலயே தூங்கறான்னும் இருக்கு."

"இருக்கு" என்றார் சிஸ்டர். "தவறிப் போனாலும் கதை முடிஞ்சிடாது. பிறந்ததும் பிள்ளைக்கே போடற ஊசி ஒண்ணு வந்திருக்கு. அந்த ஆஸ்பத்திரியில இருக்கான்னு நான் விசாரிக்கிறேன். இருந்தாலும் இல்லாட்டியும், பாக்க வர்றவங்க கையைக் கழுவணும், சளி இருக்கிறவங்க வாசலோட நிக்கணும். நீங்களும்தான், தாத்தான்னு சலுகை கிடையாது. இப்ப இந்தப் பிள்ளைக்கு வழி சொல்லுங்க, பாவம், ஒரு மணி நேரமா காத்திருக்காங்க."

சாவிக்கொத்தைக் குலுக்கினார். குழந்தை புருவத்தைக்கூட அசைக்கவில்லை. கை தட்டினார். தகப்பன் விசில் அடித்துப் பார்த்தான், அதற்குப் படிவக்காரர்தான் திரும்பிப் பார்த்தார். வெறுங்கையோடு நின்ற ஊதுகுழலாரின் கண், கேமராப் பையின் ஓரத்தில் போய் நின்றது. லென்ஸில் படிகிற தூசியை ஊதித் தள்ளுகிற ரப்பர் குமிழ். எலுமிச்சம்பழ அளவு, முனையில் மெல்லிய மூக்கு. தினமும் கையில் எடுப்பதுதான்.

சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினார். குமிழின் மூக்கைத் துடைத்து, அமுக்கித் தன் மணிக்கட்டில் ஊதிப் பார்த்தார். பிறகு மனைவியின் கன்னத்தில் ஊதிப் பார்த்தார்.

"என்னங்க இது, ஆளுங்க எதிர்ல" என்றாள் அவள். ஆனால் கண்ணை அகலத் திறந்திருந்தாள்.

"தூசி வராதே?" என்று கேட்டார் சிஸ்டர்.

"லென்ஸுக்கே ஊதறது சிஸ்டர். இதுல தூசி இருந்தா என் பிழைப்பு என்னாகிறது?"

குழந்தை மறுபடி வெள்ளைத் துணிக்கு வந்தது. கையை முழுசாக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு முழம் தூரத்திலிருந்து குமிழை மெல்ல அமுக்கினார். புஸ். குழந்தை மூச்சைப் பிடித்தது, வாயை மூடியது, 'யாருய்யா அது?' என்று கண்ணைத் திறந்தது. கட்டைவிரல் அதன் வேலையைச் செய்தது.

"அடடே, இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறது?" என்றார் வாசலில் நின்ற படிவக்காரர். "குமிழாருன்னு மாத்திடலாமா?"

"நீங்க முதல்ல வாயை மூடுங்க" என்றார் ஊதுகுழலார். "நானும் மூடிக்கிறேன்."

படங்களை உறையில் வாங்கிக்கொண்ட தகப்பன் நகராமல் நின்றான். இத்தனை நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன். "சார், என் தங்கச்சிக்கு ஏழரை மாசம். நேத்து இந்த வரிசையில கேட்டதை நான்தான் அவகிட்ட சொன்னேன். ஊசியே வேணாம்னுட்டா. இப்ப நான் மாத்திச் சொன்னா என்னை நம்ப மாட்டா." போனில் எண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டான். "நீங்களே பேசிடறீங்களா?"

மறுப்பதற்குள் போன் காதுக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம், முகம் தெரியாத ஒரு பெண் "அண்ணா?" என்றாள்.

"அண்ணன் இல்லம்மா. அந்தப் பெரிய ஆள் பேசறேன்."

"யாரு?"

"ஊசி போட்டா பிள்ளை கண் திறக்காதுன்னு சொன்னாங்களாமே, அதைச் சொன்ன போட்டோக்காரன். அது ஜோக்கும்மா. நல்ல ஜோக்கும் இல்ல. எனக்குக் கேமராவைத் தவிர வேற எதுவும் தெரியாது. இதோ குழந்தைங்க வார்டு சிஸ்டர் பக்கத்துல இருக்காங்க, உனக்கு என்ன கேக்கணுமோ அவங்ககிட்ட கேளு. பிள்ளை பிறந்ததும் இங்க கொண்டு வா. கண் திறக்க வைக்கிறது என் பொறுப்பு."

போன் சிஸ்டரிடம் போயிற்று. அவர் வாசலுக்கு நகர்ந்து, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு பொறுமையாகப் பேசினார். எத்தனை வாரம், எந்த ஆஸ்பத்திரி, காய்ச்சல் உண்டா என்றெல்லாம் கேட்பது உள்ளே கேட்டது. ஒரு இடத்தில் சிரிப்பும் கேட்டது. தகப்பனின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

ஊதுகுழலார் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நான்கு. உள்ளே கூப்பிட்டிருந்தால் இப்போது சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டிருப்பாள். கூப்பிடாவிட்டாலும், போகவே இல்லாவிட்டாலும், இன்னும் அரைமணி நேரம் அங்கே வாசல் திறந்திருக்கும். பஸ் வேண்டாம், டாக்ஸி பிடிக்கச் சொல்லலாம்.

எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, கவுண்டர் கண்ணாடியின் மேல் வைத்தார். கண்ணாடிக்குக் கீழே, பதினெட்டு நாள் வயதில், அவள் கண்ணை அகலத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. மூன்று முறை, நான்கு முறை. துண்டிக்கலாமென்று அவர் விரல் நீண்டது.

"கட் பண்ணாதீங்க" என்றாள் மனைவி, வெட்டும் பலகையைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்று. "அடிக்கட்டும்."

அடித்துக்கொண்டிருந்தது.